ஒவ்வொரு கண்ணாக ஏன் சோதிக்கிறார்கள்?

கண்ணாடி போட்டவர் பைலட் ஆக முடியாது என்று சொல்லி இன்றும் பல பிள்ளைகளின் ஆசையை முளையிலேயே கிள்ளிவிடுகிறார்கள். பயணிகள் விமானம் ஓட்ட அப்படியொரு தடை கிடையாது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, முதல் வகுப்பு மருத்துவச் சான்றுக்கு ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 பார்வை வேண்டும். கண்ணாடியோடு அந்த அளவை எட்டினாலும் போதும். கைவசம் மாற்றுக் கண்ணாடி ஒன்று இருக்க வேண்டும்.

இரண்டு கண்ணும் சேர்ந்து 6/6 தெரியும்போது, ஒவ்வொன்றையும் மூடி மூடி ஏன் பார்க்க வேண்டும்? 1996 அக்டோபர் 19 அன்று நியூயார்க்கில் நடந்தது அதற்கு விடை சொல்கிறது.

டெல்டா நிறுவனத்தின் 554ஆம் விமானம், ஒரு எம்டி-88, மழையிலும் மூடுபனியிலும் லகுவார்டியா நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கீழே தண்ணீர். உயரத்தைக் கணிக்க உதவும் வீடோ மரமோ இல்லை. ஓடுபாதை விளக்குகளின் இடைவெளியும் சீராக இல்லை. தாம் உண்மையில் இருப்பதைவிட மேலே இருப்பதாக கேப்டனுக்குத் தோன்றியது. விமானம் தாழ்ந்து, ஓடுபாதைக்கு முன்னிருந்த விளக்குக் கட்டமைப்பில் மோதியது. உயிர்ச்சேதம் இல்லை என்பது பெரும் ஆறுதல்.

கேப்டன் அணிந்திருந்தது 'மோனோவிஷன்' கான்டாக்ட் லென்ஸ். வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு ஒரு கண்ணில் தூரப்பார்வைக்கும் மறு கண்ணில் கிட்டப்பார்வைக்கும் லென்ஸ் பொருத்தும் முறை அது. தேவைக்கேற்ப மூளை தெளிவான பிம்பத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் இரு கண்ணும் திறந்திருக்கும்போது ஒரு கண் தூரத்தில் மங்கலாக இருப்பது தெரியாது; ஒவ்வொன்றாகச் சோதித்தால்தான் தெரியும். செய்தித்தாள் படிக்க, கடைக்குப் போக நல்ல ஏற்பாடு. ஆனால் இரு கண்ணின் பிம்பங்களையும் ஒப்பிட்டு ஆழத்தை அளக்கும் திறன் அதில் குறைகிறது. வெளிக்குறிப்புகள் ஏராளமாக இருக்கும் நாளில் அந்தக் குறை தெரியாது. அன்று அவையும் இல்லை. லென்ஸால் தமது தவறான கணிப்பிலிருந்து கேப்டனால் மீள முடியாமல் போனதையே அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விபத்துக்குக் காரணமாகக் குறிப்பிட்டது. விமானம் ஓட்ட அந்த லென்ஸ் அங்கீகரிக்கப்படவில்லை. ஆனால் அதுபற்றிக் கண் பரிசோதகர்களுக்கும் விமான மருத்துவர்களுக்கும் பைலட்டுகளுக்கும் முழுமையான வழிகாட்டல் இல்லாததையும் வாரியம் சுட்டிக்காட்டியது. இந்த இரண்டாவது குறைதான் எனக்குக் கூடுதலாகக் கவலை தருகிறது.

வெள்ளெழுத்து யாரையும் விடுவதில்லை. பைலட்டுக்கோ மூன்று தூரங்கள்: வெளியே ஓடுபாதை, சுமார் ஒரு மீட்டரில் கருவிப் பலகை, கையில் வரைபடம். மூன்றும் ஒரே கண்ணாடியில் தெரிய வேண்டும். படிக்க மட்டும் உதவும் முழுக் கண்ணாடியைப் போட்டால் ஓடுபாதை மங்கிவிடும். அதனால் பல குவியக் கண்ணாடியோ, மேல்பாதி வெட்டிய கண்ணாடியோ அணியச் சொல்கிறார்கள். அதை எழுதித் தருமுன் கண் மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "என்ன வேலை பார்க்கிறீர்கள்?"