சோலார் தகடுகளுக்கு எர்த் அமைக்கும் முறை

நெசவாளர் சங்கக் கட்டிடங்கள் மீதும், விசைத்தறிக் கூடங்களின் தகரக் கூரைகள் மீதும், தோட்டக் கிணறுகளின் அருகிலும் சோலார் தகடுகள் ஏறிவிட்டன. 2019-ஆம் ஆண்டில் மத்திய அரசு விவசாயிகளுக்கெனக் குசும் திட்டத்தையும், 2024-ஆம் ஆண்டில் வீட்டுக் கூரைகளுக்கெனத் தனித் திட்டத்தையும் தொடங்கிய பின்னர் இவ்வேலை மேலும் வேகம் பெற்றது. தகடு எத்தனை வாட், மானியம் எவ்வளவு, கரண்டுக் கட்டணத்தில் எவ்வளவு மிச்சம் என்பனவற்றை அங்கத்தினர்கள் நுணுக்கமாக விசாரிக்கின்றனர். எர்த் எவ்வாறு போடப்படுகிறது என்று விசாரிப்பவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

லயனில் வரும் மின்சாரத்தை மெயின் சுவிட்சு மூலம் நிறுத்திவிடலாம். தகட்டு மின்சாரம் அத்தகையதன்று. வெயில் உள்ள வரையில் தகட்டில் மின்னழுத்தம் இருந்துகொண்டேயிருக்கும். சுவிட்சை அணைத்தாலும் சுவிட்சுக்கு மேலே தகடு வரையிலுள்ள கம்பிகளில் அது நிற்கும். ஒரு தகடு 40 வோல்ட் தருவதாகக் கொண்டால், பத்துத் தகடுகளை வரிசையில் கோத்தவுடன் 400 வோல்ட் ஆகிறது. அதுவும் டி.சி. என்னும் நேர்மின்னோட்டம். கம்பி விலகிப் பொறி பறந்தால் அது எளிதில் அணைவதில்லை.

இந்தக் கம்பியை அணில் கடிக்கலாம்; காற்றில் ஆடி ஆடித் தகரத்தின் விளிம்பில் உராய்ந்து உறை கிழியலாம். அப்போது தகட்டின் சட்டம், அதைத் தாங்கும் இரும்புக் கால், தகரக் கூரை எல்லாவற்றிலும் மின்சாரம் பரவும். வெளிப்பார்வைக்கு ஒரு மாறுதலும் தெரியாது. தூசு கழுவுவதற்காகக் குடத்துடன் ஈரக்காலோடு மேலே ஏறுபவர்தாம் அதை முதலில் அறிவார். பெரும்பாலும் அவர் வீட்டுப் பிள்ளையாகவோ, தறியில் வேலை செய்யும் ஆளாகவோ இருப்பார்.

உலோகப் பாகங்கள் யாவும் நிலத்துடன் நன்கு இணைக்கப்பட்டிருந்தால், கசிந்த மின்சாரம் மனித உடலை நாடாமல் எளிய வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். இதனினும் முக்கியமான இன்னொரு பயன் உண்டு. இக்காலத்து இன்வெர்ட்டர்கள் காலையில் வேலை தொடங்குமுன், தகட்டுக் கம்பிகளுக்கும் எர்த்துக்கும் இடையே கசிவு உள்ளதா என்று தாமே சோதித்துப் பார்க்கும். கசிவு இருப்பின் இயங்க மறுத்து, பிழைக் குறி காட்டும். ஆனால் சட்டம் எர்த்துடன் சேராதிருந்தால், கசிவு சட்டத்தோடு நின்றுவிடும். இன்வெர்ட்டரும் ஒன்றும் அறியாமல் ஓடிக்கொண்டிருக்கும். காவற்காரனைச் சம்பளத்துக்கு வைத்து, அவன் கண்ணைக் கட்டிவிட்டதற்கு இது ஒப்பாகும்.

வேலையில் குறை நேரும் முதல் இடம் சட்டமே. தகட்டின் சட்டம் அலுமினியத்தாலானது. துருவேறாமலிருக்க அதன் மேல் ஒரு மெல்லிய பூச்சு ஏற்றப்பட்டிருக்கும். அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே, இரும்புக் காலின் மேல் தகட்டை வைத்துப் போல்ட்டு முடுக்கியதனாலேயே இணைப்பு ஏற்பட்டுவிட்டதென்று எண்ணுவது பிழை. தகடு செய்வோர் சட்டத்திலேயே எர்த் குறியுடன் ஒரு துளை விட்டிருப்பார்கள். அத்துளையில் பல்லுள்ள வாஷர் வைத்து, அதன் பற்கள் பூச்சைக் கிழித்து உலோகத்தைக் கவ்வும்படி முடுக்க வேண்டும். வெறும் செம்புக் கம்பியை அலுமினியத்தின் மேல் நேரே சுற்றுவது தவறு. மழை ஈரம் பட்டதும் செம்பைத் தொடும் இடத்தில் அலுமினியம் அரிக்கப்படும். ஈயம் பூசிய லக்கும், துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டும் வேண்டும். ஒரு தகட்டைக் கழற்றினால் மற்றவற்றின் எர்த் அறுந்துபோகாதவாறு கம்பியை ஓட்டவேண்டும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

இனி, எர்த் குழி. ஐ.எஸ். 3043 என்னும் இந்தியத் தரவிதி இதற்கு உரியது. நாகத்தகடு பூசிய இரும்புக் குழாயாயின் இரண்டரை மீட்டருக்குக் குறையாத நீளம் தேவை. உப்பும் கரியும் இட்டு நிரப்புவது பழைய வழக்கம். அது மோசமன்று, ஆயினும் மழையில் உப்புக் கரைந்து போய்விடும், குழாயையும் அரிக்கும். குடிநீர்க் கிணற்றருகில் உப்புக் கொட்டுவதை நான் விரும்புவதில்லை. பென்டோனைட் போன்று ஈரம் பிடித்து வைக்கும் கலவைகள் இப்போது கிடைக்கின்றன. செலவு சற்றுக் கூடும். தண்ணீர்க் குழாயில் எர்த் கம்பியைக் கட்டிவிடுவோரும் உளர். இன்றைய குழாய்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

தகட்டுப் பக்கத்திற்கு ஒன்று, இன்வெர்ட்டரின் ஏ.சி. பக்கத்திற்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என மூன்று குழிகள் எடுப்பது நம் நாட்டு வழக்கம். இடிதாங்கியின் கம்பி கூர்மையாக வளையாமல் நேராக இறங்க வேண்டும். சித்திரை வைகாசிக் கோடை இடியும், ஐப்பசி கார்த்திகை இடியும் நமக்குப் புதியன அல்ல. ஆனால் மூன்று குழிகளையும் தனித்தனியே விட்டுவிடலாமா என்று ஓர் அங்கத்தினர் என்னைக் கேட்டார். கூடாது. இடி இறங்கும்போது ஒரு குழியின் அழுத்தம் மற்றதைவிடப் பன்மடங்கு உயரும். அந்த வேறுபாடு இன்வெர்ட்டருக்குள் பாய்ந்து அதை எரித்துவிடும். ஆகையால் குழிகளை மண்ணுக்கடியில் பட்டைக் கம்பியால் ஒன்றோடொன்று இணைத்துவிட வேண்டும்.

குழி நன்றாக வேலை செய்கிறதா என்பதைக் கண்ணால் அறிய இயலாது. எர்த் டெஸ்டர் என்னும் கருவி கொண்டு, தள்ளித் தள்ளி இரண்டு முளைகள் அடித்து அளக்க வேண்டும். கூரை சோலார் ஒப்பந்தங்களில் 5 ஓமுக்கு மேற்படலாகாது என்றே பொதுவாகக் குறிக்கப்படுகிறது. கரிசல் மண்ணில் இது எளிது. பாறையும் சரளையும் உள்ள இடங்களில் ஒரு குழி போதாது. இடைவெளி விட்டு இரண்டு மூன்று குழாய்கள் இறக்க நேரும். மழைக்காலத்தில் அளந்த கணக்கை நம்பிவிட வேண்டா. மண் உலர்ந்துபோகும் சித்திரையில் ஒருமுறை அளந்தால்தான் உண்மை தெரியும்.

ஒரு சங்கத்திற்கு ஆய்வுக்குச் சென்றிருந்தேன். நூல் கிடங்கின் மேல் தகடுகள் அமைத்த பில்லில் மூன்று எர்த் குழிகளுக்குத் தொகை எழுதப்பட்டிருந்தது. கட்டிடத்தின் பின்புறம் மூன்று சிமெண்டு மூடிகளும் வரிசையாக இருந்தன. ஏதோ தோன்றி, மூடிகளைத் தூக்கச் சொன்னேன். ஒன்றின் கீழ்தான் குழாய் இருந்தது. மற்ற இரண்டின் கீழும் வெறும் மண். இருந்த குழாயிலும் கம்பியைக் கையால் முறுக்கி விட்டிருந்தனர். முழுத் தொகையையும் நிர்வாகக் குழு முன்பே கொடுத்துத் தீர்த்துவிட்டபடியால், வேலை எடுத்தவரைத் திரும்ப வரவழைக்க நான்கு மாதங்கள் ஆயின. அந்த நான்கு மாதங்களும் கிடங்கின் காவலாளி வாரம் ஒருமுறை மேலே ஏறித் தகடு கழுவி வந்திருக்கிறார்.

அதன் பிறகு, எனது சரகத்துச் சங்கங்களில் ஒரு முறையைச் சொல்லி வருகிறேன். குழாய் இறக்கும் அன்று குழு உறுப்பினர் ஒருவர் அருகில் நிற்பது. மூடுவதற்கு முன் படம் எடுத்து வைப்பது. ஒவ்வொரு குழியின் ஓம் அளவையும் தேதியுடன் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வேலை எடுத்தவரின் கையொப்பம் பெற்ற பின்பே கடைசித் தவணையைக் கொடுப்பது. தனியாகப் பம்புசெட்டு வைத்திருக்கும் விவசாயி ஸ்டார்ட்டர் பெட்டியின் கதவின் உட்புறத்தில் இவ்வளவையும் எழுதி வைத்துக்கொள்ளலாம். அடுத்த சித்திரையில் அளக்கும்போது அவ்விலக்கம் அங்கேயே இருக்கும்.