குழலை மாற்றினால் துவக்கு மாறுமா?

1990ஆம் ஆண்டில் குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் ஏ40 கார்களும் மொறிஸ் மைனர்களும் ஓடாமல் நின்றுவிடவில்லை. அவை மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொள்ளும் வழியைக் கராச்சுக்காரர்கள் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். புகை தள்ளியது, கரி படிந்தது, இழுவை குறைந்தது. ஆனாலும் அந்த மாற்றம் தகுந்ததே. காரணங்கள் இரண்டு. முதலாவது, பெற்றோல் இல்லை. இரண்டாவது, அந்தப் பழைய எஞ்சின்கள் குறைந்த அமுக்கத்தில் வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டவை. மட்டமான எரிபொருளைப் பொறுத்துக்கொள்ள அவற்றில் இடம் இருந்தது. பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. ஓர் இயந்திரத்தின் தீனியை மாற்றலாமா என்று கேட்கும் எவரும் கேட்கவேண்டிய இரண்டு கேள்விகள் இந்த அனுபவத்தில் இருக்கின்றன: உண்மையான தேவை இருக்கிறதா? செய்தவன் அதற்கு இடம் விட்டுவைத்திருக்கிறானா?

கைத்துப்பாக்கி பற்றி உலகெங்கும் நெடுநாளாக நடந்துவரும் ஒரு விவாதத்துக்கும் இந்த இரண்டு கேள்விகள்தான் உரைகல். ஒரு கைத்துப்பாக்கியை அதன் உரிமையாளர் பலவிதமாகத் தனக்கேற்றபடி திருத்தலாம். கைபிடியை மாற்றலாம், குறிகாட்டியை மாற்றலாம், விசையை மென்மையாக்கலாம். எல்லாவற்றிலும் பெரிய மாற்றம், அது சுடும் ரவையின் அளவையே மாற்றுவது. இதைக் கலிபர் மாற்றம் என்கிறார்கள். போரில் இவ்வளவு இழந்த மண்ணில் இதைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் துவக்கைச் சுற்றிப் பயமும் கவர்ச்சியும் சேர்ந்தே வளர்கின்றன. இரண்டையும் வளர்ப்பது அறியாமை. அதை ஓர் இயந்திரமாகப் பார்த்து, அது எப்படி வேலை செய்கிறது, எங்கே உடைகிறது என்று அறிந்தவர்களிடம் கவர்ச்சி குறைந்து எச்சரிக்கை கூடும்.

முதலில் ரவையைப் பார்ப்போம். ஒரு ரவையில் நான்கு பகுதிகள் உண்டு: பித்தளைக் கோது, அதன் அடியில் தீப்பொறி தரும் மூட்டி, உள்ளே வெடிமருந்து, முனையில் சன்னம். விசையை இழுத்ததும் மருந்து எரிந்து வாயுவாகிறது. அந்த வாயுவின் அமுக்கம் சன்னத்தைக் குழலின் வழியே தள்ளுகிறது. கார் டயருக்கு நாங்கள் அடிக்கும் காற்று சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 30 இறாத்தல். 9 மி.மீ. பரபெல்லம் ரவை வெடிக்கும்போது எழும் அமுக்கத்துக்கு அமெரிக்க உற்பத்தியாளர்கள் வைத்திருக்கும் உச்ச வரம்பு 35,000 இறாத்தல். டயரைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். அதைவிடத் தடித்த சன்னம் கொண்ட .45 ரவைக்கு வரம்பு 21,000தான். மெல்லிய .32 லோங் ரவைக்கு 15,000. விட்டம் பெரிதானால் பலமும் பெரிது என்ற எண்ணம் இந்த மூன்று எண்களைப் பார்த்ததுமே விழுந்துவிடுகிறது. குழலின் விட்டம் வெளியே தெரியும் ஓர் அளவு மட்டும். ரவை அறையின் சுவர் எவ்வளவு அமுக்கத்தைத் தாங்கும், பின்னோக்கி வரும் உதைப்பைச் சுருள்வில் எவ்வளவு வேகமாக வாங்கும், ரவைக்கூட்டின் உதடுகள் கோதை எந்தக் கோணத்தில் பிடிக்கும், வெற்றுக் கோதை இழுத்தெறியும் கொக்கி அதன் விளிம்பைச் சரியாகப் பற்றுமா என்ற எல்லாமே அந்த ஒரு ரவையை மனதில் வைத்துக் கணக்கிடப்பட்டவை. துவக்கைச் சுற்றி ரவை செய்யப்படுவதில்லை. ரவையைச் சுற்றித்தான் துவக்கு செய்யப்படுகிறது.

அப்படியானால் கலிபர் மாற்றம் எங்கேயும் வெற்றி பெற்றதில்லையா? பெற்றிருக்கிறது, அதுவும் பெரிய அளவில். இன்று உலகின் மிகப் பரவலான கைத்துப்பாக்கி ரவையான 9 மி.மீ. பரபெல்லமே ஒரு மாற்றத்தின் பிள்ளைதான். ஜேர்மனியில் கேயோக் லூகர் தன் கைத்துப்பாக்கியை முதலில் 7.65 மி.மீ. ரவைக்குச் செய்தார். அந்த ரவையின் கோது போத்தல்போல் கழுத்து ஒடுங்கியது. இன்னும் பெரிய சன்னம் வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தபோது, 1902 அளவில் அவர் அந்தக் கழுத்தை விரித்து 9 மி.மீ. சன்னத்தை வைத்தார். கோதின் அடிப்பகுதி மாறவில்லை. ஆகவே அதைப் பற்றும் பாகங்களும் பெரிதாக மாறத் தேவைப்படவில்லை. மாறவேண்டிய முக்கிய பாகம் குழல். ஜேர்மன் கடற்படை 1904இலும் தரைப்படை 1908இலும் அந்தத் துப்பாக்கியை 9 மி.மீ. வடிவில் ஏற்றுக்கொண்டன. மாற்றத்தைச் செய்தவர் துப்பாக்கியை வடிவமைத்தவரே. கோதின் அடியை மாற்றாமல் வைத்தார். பின்னால் ஒரு படையின் தேவை நின்றது. வெற்றிக்கான காரணங்கள் இவ்வளவும்தான்.

இதே ரவையைச் சுற்றிய இன்னொரு மாற்றம் வேறொரு பாடத்தைத் தருகிறது. 1896இல் வந்த மவுசர் கைத்துப்பாக்கி 7.63 மி.மீ. ரவைக்கானது. முதலாம் உலகப் போரில் கைத்துப்பாக்கிகள் போதாமல் போக, ஜேர்மன் படை 1916இல் அதையே 9 மி.மீ. குழலுடன் 150,000 செய்து தரும்படி கேட்டது. தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றின் ரவையை மற்றதில் போட்டுவிடும் ஆபத்துக்கு எதிராகப் புதியவற்றின் மரக் கைபிடியில் 9 என்ற இலக்கத்தைப் பெரிதாக வெட்டிச் சிவப்பு மை பூசினார்கள். தொழிற்சாலையிலேயே முறைப்படி செய்யப்பட்ட மாற்றத்துக்கே இவ்வளவு பெரிய எச்சரிக்கை வேண்டியிருந்தது. கைமாறிக் கைமாறிப் போகும் ஒரு துப்பாக்கியில், அடையாளம் ஏதுமின்றிச் செய்யப்பட்ட மாற்றம் அடுத்த உரிமையாளருக்கு வைக்கப்பட்ட பொறியாகிவிடும்.

எங்கள் பக்கத்து நாட்டின் உதாரணம் இன்னும் தெளிவானது. அது கைத்துப்பாக்கியல்ல, சுரிகுழல் துப்பாக்கி. ஆனாலும் விதி ஒன்றுதான். 1962இல் சீனாவுடனான போருக்குப் பின், கல்கத்தாவுக்கு அருகிலுள்ள இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை பழைய .303 லீ என்பீல்ட் வடிவத்தை 7.62 மி.மீ. நேட்டோ ரவைக்கு மாற்றியது. .303இன் குழல் 7.7 மி.மீ. ஆகவே விட்டம் சற்றுக் குறைந்தது; பழைய துப்பாக்கிகளில் புதிய குழலைத் திருகிவிட்டால் போதும் என்று தோன்றும். தொழிற்சாலை அப்படிச் செய்யவில்லை. புதிய ரவையின் அமுக்கம் கூட. அதைத் தாங்கத் தரமான உருக்கில் புதிய துப்பாக்கிகளே செய்யப்பட்டன. ரவைக்கூடு மாறியது, கோது இழுக்கும் கொக்கி மாறியது. 2ஏ என்ற முதல் வடிவில் இருந்த நெடுந்தூரக் குறிகாட்டி, 2ஏ1 என்ற அடுத்த வடிவில் 800 மீற்றராகச் சுருக்கப்பட்டது. விட்டத்தில் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்களவு வித்தியாசத்துக்கு இத்தனை மாற்றங்கள். ஓர் அரசின் ஆயுதத் தொழிற்சாலையே குழலை மட்டும் மாற்றி நிறுத்திக்கொள்ளாத இடத்தில், பட்டறை மேசையில் செய்யும் மாற்றத்தை நம்ப நியாயம் இல்லை.

அந்த நம்பிக்கை எப்படி முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. பிரித்தானியாவின் வெப்ளி மார்க் 6 ரிவோல்வர் 1915இல் வந்தது; .455 ரவைக்கானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவற்றில் பல உபரியாக அமெரிக்கச் சந்தைக்குப் போயின. அங்கே .455 ரவை கிடைப்பது அரிது; .45 ரவையோ மூலைக்கடையிலும் கிடைக்கும். ஆகவே சுழல் உருளையைத் திருத்தி .45 ரவை கொள்ளும்படி செய்து விற்றார்கள். ரவை அழகாகப் பொருந்தியது. ஆனால் வழமையான .45 ரவையின் அமுக்கம், அந்த ரிவோல்வர் தாங்கும் என்று சோதித்து முத்திரையிடப்பட்ட எல்லையை மீறியது. விரிசல் விட்ட உருளைகள் பற்றிய எச்சரிக்கைகள் இன்றும் சேகரிப்பாளர்களிடையே வழங்குகின்றன. பொருந்துவதும் தாங்குவதும் வெவ்வேறு விடயங்கள். காரின் எஞ்சின் பழுதானால் வீதியோரத்தில் நின்றுவிடும்; துவக்கின் உருளை பிளந்தால் சிதறல் போவது பிடித்திருப்பவரின் கைக்கும் கண்ணுக்கும்.

மாற்றத்தை ஆதரிப்பவர்கள் சொல்லும் முதல் வாதம் பலம். பெரிய ரவை எதிரியை விரைவில் வீழ்த்தும் என்பது அவர்கள் நம்பிக்கை. இந்த நம்பிக்கையை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. கால் நூற்றாண்டுக்கு மேலாகச் சோதித்துப் பார்த்துவிட்டது. 1986 ஏப்ரல் 11இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சமரில் அதன் இரண்டு முகவர்கள் கொல்லப்பட்டார்கள். 9 மி.மீ. ரவை போதிய ஆழம் ஊடுருவவில்லை என்று குறை கூறப்பட்டு, முதலில் 10 மி.மீ., பின்னர் .40 என்று பெரிய ரவைகளுக்கு அந்த அமைப்பு மாறியது. 2014இல் அதன் பயிற்சிப் பிரிவு எழுதிய விளக்கம் மீண்டும் 9 மி.மீ. ரவையையே பரிந்துரைத்தது. நவீன சன்னங்களில் காயத்தின் வித்தியாசம் கண்டுகொள்ளும்படி இல்லை. உதைப்புக் குறைந்த ரவையால் முகவர்கள் விரைவாகவும் குறி தவறாமலும் சுடுகிறார்கள் என்பதே அதன் காரணம். பெரும் பணமும் ஆய்வுகூடமும் உள்ள அமைப்பு சுற்றித் திரிந்து புறப்பட்ட இடத்துக்கே வந்தது. பலத்துக்காகக் கலிபர் மாற்றுவது தகாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது வாதம் சிக்கனமும் பயிற்சியும். இதில் உண்மை உண்டு. கோல்ட் நிறுவனம் 1938இலேயே தன் .45 கைத்துப்பாக்கிக்கு .22 ரவை சுடும் மாற்றுத் தொகுதி ஒன்றை விற்பனைக்கு விட்டது. .22 மலிவு, அதன் உதைப்பு மிகக் குறைவு. அதே கைபிடி, அதே விசை என்பதால் கை பழகும். இங்கே நாங்கள் தொடங்கிய இரண்டு கேள்விகளுக்கும் ஆம் என்றே பதில்: தேவை இருக்கிறது, மாற்றுத் தொகுதியைச் செய்தவர் துப்பாக்கியைச் செய்தவரே. பெரிய பலத்துக்குக் கட்டப்பட்ட சட்டகத்தில் சிறிய ரவையைச் சுடுவது, குறைந்த அமுக்க எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றியதைப்போல, தாங்கும் எல்லைக்கு உள்ளே நிற்கும் மாற்றம். அதே வேளை உதைப்புக் குறைந்த பயிற்சி, பெரிய உதைப்பைக் கட்டுப்படுத்த முழுமையாகக் கற்றுத்தராது என்பதையும் சொல்லியாகவேண்டும்.

மூன்றாவது வாதம், இன்றைய துப்பாக்கிகள் மாற்றுவதற்கென்றே கட்டப்படுகின்றன என்பது. அமெரிக்கத் தரைப்படை 2017 ஜனவரியில் தெரிவு செய்த சிக் சவர் பி320 அப்படிப்பட்டதுதான்; அதன் குழலும் கைபிடிக் கூடும் கழற்றி மாற்றக்கூடியவை. ஆனால் தரைப்படை அதை 9 மி.மீ. ரவைக்கே எடுத்தது. அங்கே பயன்பட்ட மாற்றம் கலிபரல்ல, சிறிய கை, நடுத்தரக் கை, பெரிய கை என்று பொருந்தும் கைபிடி அளவுகள். விளையாட்டுத் துறையும் இதையே சொல்கிறது. ஒலிம்பிக்கில் 25 மீற்றர் கைத்துப்பாக்கிப் போட்டிகள் .22 ரவையில் மட்டுமே நடக்கின்றன. யாரும் கலிபரால் வெல்வதில்லை. வீரர்கள் உழைப்பைக் கொட்டுவது உள்ளங்கையின் மேடு பள்ளத்துக்கேற்பச் செதுக்கிய மரக் கைபிடியிலும், குறிகாட்டியிலும், விசையின் கனத்திலும். விசைக்கும் விதி உண்டு: 25 மீற்றரில் 1000 கிராமுக்குக் குறையக்கூடாது, 10 மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கியில் 500 கிராமுக்குக் குறையக்கூடாது. துப்பாக்கியைக் கைக்குப் பொருத்துவதில் பலன் கிடைக்கிறது. அதன் ரவையை மாற்றுவதில் அந்தப் பலன் இல்லை.

சட்டமும் இந்த விவாதத்துக்கு வெளியே நிற்பதில்லை. இந்தியாவில் 9 மி.மீ. போன்ற படைத்துறை ரவைகள் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. அதனால்தான் அரசுத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்கென .32 ரிவோல்வர்களைச் செய்கின்றன. கான்பூரில் 2014இல் பெண்களுக்கென அறிமுகமான நிர்பீக் ரிவோல்வரும் .32தான். உரிமமின்றி ஒரு சுடுகலனை மாற்றுவதையும் பழுதுபார்ப்பதையும் கூட 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தடுக்கிறது. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் ஒவ்வொரு துவக்குக்கும் அனுமதிப்பத்திரம் கேட்கிறது. கலிபர் மாறிய துவக்கு, பத்திரத்தில் எழுதியிருக்கும் துவக்கோடு பொருந்தாமல் போகலாம்.

ஆகவே என் முடிவு இது: வடிவமைத்தவரே செய்ததும், துப்பாக்கி தாங்கும் எல்லைக்குள் நிற்பதும், உண்மையான தேவை உள்ளதுமான கலிபர் மாற்றம் மட்டுமே தகும். மற்றவை பணத்தையும் கையையும் பறிக்கும். குடாநாட்டு வாசகருக்கு இதில் இன்னொரு செய்தியும் உண்டு. முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலை போர் முடிந்து பல ஆண்டுகள் நடந்தது எல்லோருக்கும் தெரியும். கிணறு இறைக்கும்போதும் காணி துப்புரவாக்கும்போதும் பழைய துவக்கோ ரவையோ வெளிப்படலாம். உப்புக் காற்றிலும் ஈர மண்ணிலும் கிடந்து துருவேறிய குழல் எவ்வளவு அமுக்கம் தாங்கும் என்று அதைச் செய்தவராலும் சொல்லமுடியாது. துடைத்துப் பார்க்கவேண்டாம், எண்ணெய் போட்டுப் பார்க்கவேண்டாம், எந்த ரவை பொருந்தும் என்று பார்க்கவும் வேண்டாம். கிடந்த இடத்திலேயே விட்டு, பிள்ளைகளை விலக்கி, 119க்கு அறிவியுங்கள்.