அரசர் இல்லாத கருங்குதிரை: மும்பையின் 'காலா கோடா' கலை வட்டாரமானது எப்படி?

மும்பை: தெற்கு மும்பையின் கோட்டைப் பகுதியில் 'காலா கோடா' என்றோர் இடம் உள்ளது. கருங்குதிரை என்பது அப்பெயரின் பொருள். ஆண்டுதோறும் ஒன்பது நாள்கள் இங்குள்ள ராம்பார்ட் ரோ தெருவில் வாகனங்கள் நிறுத்தப்பட்டு, ஓவியம், நாடகம், இசை, கைவினைப் பொருள் விற்பனை எனத் தெரு முழுவதும் திருவிழாக் கோலம் பூணுகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. நலிந்துவரும் பழைய கடைவீதிகளை வரலாற்றையும் கலையையும் கொண்டு மீட்க முடியுமா என்று நாட்டின் பல நகரங்கள் யோசித்துவரும் நிலையில், இந்த முயற்சியில் முதலில் இறங்கிய பகுதிகளுள் ஒன்றான காலா கோடாவின் அனுபவம் கவனிக்கத்தக்கது.

பெயருக்குக் காரணமான குதிரை அங்கிருந்து அகற்றப்பட்டு அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. வேல்ஸ் இளவரசராக 1875-76இல் இந்தியா வந்த ஏழாம் எட்வர்டின் வருகை நினைவாக, ஆல்பர்ட் சசூனின் கொடையில் வடிக்கப்பட்ட குதிரைவீரர் சிலை 1879இல் இங்கு நிறுவப்பட்டது. ஆங்கிலேய ஆட்சியின் அடையாளம் என்ற வகையில் 1965இல் அது பைகுல்லா உயிரியல் பூங்காவிற்கு மாற்றப்பட்டது. சிலை நின்ற இடம் வாகன நிறுத்துமிடமானது. ஆயினும் மக்கள் பெயரை மாற்றவில்லை.

அக்காலத்திலும் இங்கு கலைக்குக் குறைவில்லை. 1952இல் திறக்கப்பட்ட ஜஹாங்கீர் கலைக்கூடம், பழைய வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகம், டேவிட் சசூன் நூலகம் ஆகிய அனைத்தும் சில நிமிட நடைத் தொலைவில் அமைந்தவை. 1996இல் தேசிய நவீனக் கலைக்கூடமும் அருகில் வந்து சேர்ந்தது. ஆனால், இவற்றை ஒரே வட்டாரமாகக் கருதும் பார்வை அப்போது இல்லை. அலுவலகங்கள் நரிமன் பாயிண்டிற்கும் பின்னர் பாந்திரா-குர்லா வளாகத்திற்கும் நகர, கோட்டைப் பகுதியின் பழைய கட்டடங்கள் பராமரிப்பின்றி மங்கத் தொடங்கின.

திருப்பம் 1990களில் நேர்ந்தது. பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிட்டுப் பாதுகாக்கும் விதிமுறைகளை 1995இல் மும்பை கொண்டுவந்தது. இந்திய நகரங்களில் இதுவே முதல் முயற்சி. ஆனால், ஒரு கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று விதி சொல்லலாமே தவிர, அதைப் பழுதுபார்க்கும் பணத்தை விதி தராது. இந்த இடைவெளியை நிரப்பவே கட்டடக் கலைஞர்களும், கலைக்கூடத்தினரும், குடியிருப்போரும் இணைந்து 1998இல் காலா கோடா சங்கத்தை உருவாக்கினர். அடுத்த ஆண்டே விழா தொடங்கியது.

விழா கூட்டத்தைச் சேர்க்கிறது. கூட்டம் ஆதரவு நிறுவனங்களை ஈர்க்கிறது. அந்த நிதியின் ஒரு பகுதி பழைய கட்டடங்களின் சீரமைப்பிற்குச் செல்கிறது. சங்கத்தின் முயற்சியால் புதுப்பிக்கப்பட்டவற்றில் கோட்டைப் பகுதியின் போமன்ஜி ஹோர்மஸ்ஜி வாடியா மணிக்கூண்டும், ரத்தன்சி மூல்ஜி ஜேதா நீரூற்றும் அடங்கும். இரண்டுமே நுழைவுச்சீட்டு விற்று வருமானம் ஈட்டக்கூடிய இடங்கள் அல்ல, தெருவில் நிற்பவை. இத்தகையவற்றிற்குச் செலவிட வேறு யாரும் எளிதில் முன்வர மாட்டார்கள் என்பதால், விழாவின் உண்மையான பயனை இங்குதான் அளவிட வேண்டும்.

2017இல் வாகன நிறுத்துமிடத்தின் அருகே புதிய கருங்குதிரைச் சிலை ஒன்று நிறுவப்பட்டது. அதன் முதுகில் அரசர் இல்லை.

வட்டாரம் பிழைத்தது, கடைகள்?

கேள்விக்குரிய பகுதி இதுதான். ஜஹாங்கீர் கலைக்கூடத்திற்குள் 1964 முதல் இயங்கிய 'சமோவார்' சிற்றுண்டியகம் 2015இல் மூடப்பட்டது. கையில் காசு குறைந்த இளம் ஓவியர்களும் நெடுநேரம் அமர்ந்து பேசக்கூடிய இடமாக அது இருந்தது. 1940களில் தொடங்கப்பட்ட 'ரிதம் ஹவுஸ்' இசைத்தட்டுக் கடை 2016இல் மூடப்பட்டது. இதற்கு வட்டாரத்தின் வளர்ச்சியைக் குறைகூறுவது பொருந்தாது. கைப்பேசியில் இசை கேட்கும் காலத்தில் இசைத்தட்டு விற்பது கடினம். எனினும் அத்தகைய கடைகள் விட்டுச்சென்ற வெற்றிடத்தில் அதே அளவு எளிமையான கடைகள் வருவதில்லை. இன்று இப்பகுதியில் விலையுயர்ந்த ஆடையகங்களும் உணவகங்களுமே கண்ணில் படுகின்றன.

கவிஞர் அருண் கொலாட்கர் வழக்கமாக அமர்ந்திருந்த 'வேசைடு இன்' உணவகமும் இன்றில்லை. அங்கிருந்து தாம் கண்ட தெருவையே அவர் 2004இல் வெளியான 'காலா கோடா போயம்ஸ்' தொகுப்பாக்கினார். அந்நூலின் மாந்தர்கள் நடைபாதையில் வாழ்ந்தவர்கள். பாரம்பரியப் பட்டியல் எதிலும் அவர்களுக்கு இடமில்லை. கலைக்கூடத்திற்கு வெளியே நடைபாதையிலேயே ஓவியங்களைக் காட்சிக்கு வைக்கும் ஓவியர்கள் இருப்பது ஓரளவு ஆறுதல்.

விழாவால் எட்ட முடியாத கட்டடமும் இங்கு உண்டு. எஸ்பிளனேடு மேன்ஷன் எனப்படும் பழைய வாட்சன் விடுதி, இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட வார்ப்பிரும்புச் சட்டங்களால் 1860களில் எழுப்பப்பட்டது. லூமியே சகோதரர்களின் திரைப்படங்கள் இந்தியாவில் முதன்முதலாக 1896 ஜூலை 7 அன்று திரையிடப்பட்டது இங்குதான். பின்னர் அறைகள் தடுக்கப்பட்டு வழக்கறிஞர் அலுவலகங்களும் சிறு கடைகளும் குடியேறின. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையை 1940ஆம் ஆண்டின் அளவிலேயே நிறுத்தியது. குடியிருப்போரைக் காத்த அச்சட்டமே, வருமானம் இல்லை என்ற காரணத்தைக் காட்டி உரிமையாளர்கள் பழுதுபார்ப்பைக் கைவிடவும் வழிசெய்தது. 2005இல் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 2019இல், எஞ்சியிருந்த வாடகைதாரர்களும் வெளியேற்றப்பட்டனர். விழா நடைபெறும் தெருவிலிருந்து சில நிமிட நடையில் அந்தக் கட்டடம் உள்ளது.