கசியும் கேஸ், ஏறும் சூடு

ஏசி சரியாகக் குளிர்விக்கவில்லை என்றால் மெக்கானிக்கை அழைக்கிறோம். "கேஸ் குறைஞ்சிருக்கு" என்கிறார், நிரப்பிவிட்டுப் போகிறார். அடுத்த கோடையில் மறுபடியும் அதே வேலை. ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் அது என்றே பலரும் நினைக்கிறோம். உண்மை வேறு. அந்த கேஸ் மூடிய குழாய்களுக்குள் திரும்பத் திரும்பச் சுற்றிவருகிறது, எரிவதில்லை, தேய்வதுமில்லை. சரியான அளவில் நிரப்பிய ஏசியில் கேஸ் குறைந்திருந்தால், எங்கோ கசிந்து காற்றில் கலந்துவிட்டது என்றுதான் பொருள்.

கலந்தது சாதாரண வாயு அல்ல. பத்தாண்டுக்கு முன் வாங்கிய பல ஏசிகளில் இருப்பது ஆர்-410ஏ. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதில் ஒரு கிலோ 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். அதைவிடப் பழைய ஆர்-22-க்கு இந்த எண் 1,810. இப்போது விற்பனையாகும் ஏசிகளில் அதிகம் உள்ள ஆர்-32-க்கு 675. ஒன்றரை டன் ஏசியில் ஏறத்தாழ ஒரு கிலோ கேஸ் இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வெளிவருவது 2.3 கிலோ கரியமில வாயு. ஆக, ஆர்-410ஏ ஏசி ஒன்று முழுதாகக் கசிந்தால், 900 லிட்டர் பெட்ரோலை எரித்த கணக்கு. புகை தெரிவதில்லை என்பதால் யாரும் கவனிப்பதில்லை.

ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் உருவான மான்ட்ரியல் ஒப்பந்தம் அதை அரித்த வாயுக்களைப் பெருமளவு ஒழித்தது. அவற்றுக்கு மாற்றாக வந்தவை ஓசோனைத் தொடவில்லை. ஆனால் பூமியைச் சூடாக்கின. இவற்றையும் படிப்படியாகக் குறைக்க 2016-இல் கிகாலியில் உலக நாடுகள் உடன்பட்டன. இந்தியா 2021-இல் ஏற்றது. ஆனால் இந்தியாவுக்கான முதல் குறைப்பு 2032-இல், அதுவும் 10 சதவீதம். 85 சதவீதத்தை எட்டுவது 2047-இல்தான்.

அதற்குள் என்ன நடக்கும்? 2019-இல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், 2017-18-ஐ ஒப்பிட்டால் 2037-38-இல் நாட்டின் குளிர்விப்புத் தேவை சுமார் எட்டு மடங்காகும் என்கிறது. தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. படுக்கையறை ஏசிகள் ஓடும் இரவில் சூரிய மின்சாரம் கிடையாது. நிலக்கரிதான் பெரும்பகுதியைத் தாங்குகிறது. அறையிலிருந்து இழுத்த வெப்பத்தை அவுட்டோர் யூனிட் தெருவில் கொட்டுகிறது. அதைத் தாங்குபவர் ஏசி இல்லாத பக்கத்து வீட்டுக்காரர்.

ஏசியே கூடாது என்று சொல்ல முடியாது. 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெயில் 46.8 டிகிரியை எட்டியபோது, வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். குளிர்ச்சி உயிர் காக்கும். அதை எப்படிப் பெறுகிறோம் என்பதே கேள்வி.

வீட்டில் இருப்பவர் செய்யவேண்டியது தெளிவு. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் நிரப்ப விடக்கூடாது. வீடு மாறும்போது கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டிய பிறகே குழாயைக் கழற்றச் சொல்லவேண்டும். 'பம்ப் டவுன்' என்று கேட்டால் மெக்கானிக்குக்குப் புரியும். ஏசியை 24 டிகிரிக்குக் கீழே இறக்காமல் இருக்கலாம். கூட்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம்.

நிறுவனங்களின் பொறுப்பு இன்னும் பெரிது. ஆர்-290 என்ற புரொப்பேன் வாயுவில் இயங்கும் ஏசியை கோத்ரெஜ் 2012-லேயே இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேலே சொன்ன கரியமில வாயுக் கணக்கில் இந்த வாயுவின் எண் ஒற்றை இலக்கம்தான். தீப்பற்றும் வாயு என்பதால் பயிற்சி பெற்ற கைகள் வேண்டும். அந்தப் பயிற்சியைத் தருவது தயாரிப்பாளர்களின் கடமை. அலுவலகங்களும் ஜவுளிக்கடைகளும் ஆண்டுக்கு எத்தனை கிலோ கேஸ் நிரப்பினோம் என்று கணக்கு வைத்தாலே, எவ்வளவு கசிகிறது என்று தெரிந்துவிடும்.

நகரங்கள் ஏசியின் தேவையையே குறைக்க முடியும். அகமதாபாத் 2013-இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. பின்னர் குடிசைப்பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை பூசியது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக் கொள்கையை அறிவித்தது. வெள்ளைக் கூரை வீட்டுக்குள் சில டிகிரி வெப்பத்தைக் குறைக்கும். பழைய ஏசிகளை உடைக்கும் காயலான் கடைகளுக்கு, கேஸை உறிஞ்சிச் சேமிக்கும் இயந்திரத்தை மாநகராட்சிகள் ஏற்பாடு செய்து தரவேண்டும். இன்று செப்புக் குழாயை வெட்டிய நொடியே எஞ்சிய கேஸ் முழுவதும் வெளியேறிவிடுகிறது.

ஒரு ஏசி 10 முதல் 15 ஆண்டுகள் உழைக்கும். இப்போது வாங்குபவற்றில் பல, 2040-ஐ நெருங்கும்போதும் சுவரில் இருக்கும். 2047 வரை ஒப்பந்தம் காத்திருக்கலாம். காற்றில் கலந்த கேஸை யாராலும் திரும்பப் பிடிக்க முடியாது. கசிவை அடைக்க 2047 வரை பொறுக்கவேண்டியதில்லை. அதற்கான கருவியும் ஆளும் இப்போதே உண்டு.