மண்ணுக்கடியில் வளம், மண்ணின் மேல் வறுமை

புது தில்லி: இந்தியாவின் கனிம வளம் எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றுபோல் வாய்க்கவில்லை. வண்டல் படிந்த கங்கைச் சமவெளியில் உலோகத் தாதுக்கள் மிக அரிது. தொன்மையான பாறைகளால் ஆன சோட்டா நாகபுரி பீடபூமியும், அதையொட்டிய ஒடிசா, சத்தீஸ்கர் மலைப் பகுதிகளுமே நாட்டின் கனிமக் களஞ்சியம்.

சிங்பூம், கியோஞ்சர், பைலாடிலாவில் இரும்புத் தாது. கோராபுட், காலாஹண்டி மலைகளில் பாக்சைட். தாமோதர், மகாநதி, கோதாவரி பள்ளத்தாக்குகளில் நிலக்கரி. ராஜஸ்தானின் துத்தநாகம், நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, மும்பை கடற்பகுதியின் எண்ணெய் ஆகியவை இவ்வட்டத்துக்கு வெளியே உள்ளவை.

ஆனால் நீதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட பன்முக வறுமைக் குறியீட்டில், பிகாருக்கு அடுத்த இடத்தில் இருந்தது ஜார்க்கண்ட். அதன் மக்களில் 42.16 சதவீதத்தினர் வறியவர்கள் எனக் கணக்கிடப்பட்டது.

இதற்கு மத்திய அரசின் கொள்கையும் ஒரு காரணம். நாடெங்கும் உருக்கு ஒரே விலையில் கிடைக்க வேண்டும் என்று 1950-களில் கொண்டுவரப்பட்ட சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை, 1990-களின் தொடக்கம் வரை நீடித்தது. சுரங்கத்துக்கு அருகில் ஆலை அமைப்பதால் கிடைக்கும் ஆதாயம் இதனால் பறிபோனது. தொழில்கள் மேற்கிலும் தெற்கிலும் வளர்ந்தன. கிழக்கில் எஞ்சியவை குழிகளும், நிலமிழந்த பழங்குடியினருமே.

உரிமைத்தொகை வரியா?

கனிமங்களுக்கான உரிமைத்தொகை விகிதத்தை நிர்ணயிப்பது மத்திய அரசு. அதைப் பெறுவது மாநில அரசு. இதற்கு மேல் மாநிலங்கள் வரி விதிக்கலாமா என்பதே நெடுங்கால வழக்கு. சுண்ணாம்புக்கல் மீது தமிழக அரசு விதித்த மேல்வரி தொடர்பான வழக்கில், உரிமைத்தொகையும் வரியே என்று 1989-இல் 7 நீதிபதிகள் அமர்வு கூறியதால், மாநிலங்களின் கை கட்டப்பட்டது.

அத்தீர்ப்பை 2024 ஜூலை 25-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு மாற்றியது. உரிமைத்தொகை வரியல்ல; கனிம உரிமைகள் மீது வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 8 நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்; நீதிபதி பி.வி. நாகரத்னா மட்டும் மாறுபட்டார். 2005 ஏப்ரல் 1 முதலான நிலுவையை, 2026 ஏப்ரல் 1 தொடங்கி 12 ஆண்டுத் தவணைகளில் வசூலிக்கவும் பின்னர் அனுமதி கிடைத்தது. எனினும், இவ்வதிகாரத்துக்கு நாடாளுமன்றம் வரம்பு விதிக்க முடியும்.

வென்றவை மாநிலங்கள், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமங்கள் அல்ல. அவற்றுக்கென 2015-இல் மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் அமைக்க வழிசெய்யப்பட்டது. அந்நிதி குடிநீராகவும் பள்ளியாகவும் மருத்துவமனையாகவும் மாறினால்தான், தலைநகரில் கிடைத்த நீதி சுரங்கத்தின் வாசலை எட்டும்.