மாடியில் சோலார் இருந்தால் கரண்ட் போகாதா?

வெளிநாட்டில் சம்பாதித்து வாலிகண்டபுரத்திலோ லப்பைக்குடிக்காட்டிலோ வீடு கட்டுகிற நம்மவர்கள் இப்போது தவறாமல் கேட்கும் கேள்வி, மாடியில் சோலார் போடலாமா என்பது. 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூர்யா கர் திட்டம் வந்த பிறகு இந்தப் பேச்சு கூடிவிட்டது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 என மத்திய அரசு மானியம் தருகிறது. மானியத் தொகை தெரிந்த அளவுக்கு சோலார் எப்படி வேலை செய்கிறது என்பது பலருக்கும் தெரியவில்லை.

"சோலார் போட்டால் கரண்ட் கட் கவலை இல்லை" என்ற நம்பிக்கைதான் முதல் ஏமாற்றம். மானியத்தில் பெரும்பாலும் போடப்படுவது மின்வாரிய லைனோடு இணைந்த, பேட்டரி இல்லாத அமைப்பு. கரண்ட் போனால், நல்ல வெயிலிலும் அது தானாக நின்றுவிடும். இது கோளாறு அல்ல. நம் மாடியிலிருந்து மின்சாரம் லைனுக்குள் போனால், கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவரின் உயிருக்கு ஆபத்து. அதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். ரமலானில் ஸஹர் நேரத்தில் ஃபேன் ஓட வேண்டுமென்றால் பேட்டரி வேண்டும். வீட்டில் இருக்கும் பழைய இன்வெர்ட்டரை அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள்.

எல்லா வீட்டுக்கும் சோலார் லாபம் என்பதும் சரியல்ல. இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் ஓடும் வீட்டில், 2025 கட்டணப்படி, முதல் 100 யூனிட் இலவசம் போக, பில் 470 ரூபாய்தான் வந்தது. அவர்கள் சோலாருக்குப் பணம் போடத் தேவையில்லை. ஏசி ஓடி 700 யூனிட் ஆகும் வீட்டின் கணக்கு வேறு. 500-ஐத் தாண்டியதும் கட்டண விகிதமே மாறி, அதே 2025 கட்டணப்படி பில் 3,825 ரூபாய் ஆனது. 1 கிலோவாட் சோலார் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 2 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 480 யூனிட். மீதி 220 யூனிட்டுக்கு, மற்ற கட்டணங்கள் நீங்கலாக, அந்தக் கட்டணப்படி 329 ரூபாய்தான். ஆகவே, கொட்டேஷன் வாங்குவதற்கு முன் கடைசி ஆறு பில்களை எடுத்துப் பாருங்கள்.

பெரம்பலூர் வெயிலுக்கு மின்சாரம் கொட்டும் என்பார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்குப் பகை. பேனலின் சூடு 25 டிகிரியைத் தாண்டினால், ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். சித்திரை மதியத்தில் பேனல் 60 டிகிரி வரை காயும். அதனால்தான் தளத்தோடு ஒட்டாமல், காற்று போக இடைவெளி விட்டு உயர்த்திப் பொருத்துகிறார்கள். மழை நாளில் உற்பத்தி குறையும், அடியோடு நிற்காது. கல் குவாரித் தூசி படியும் பகுதிகளில் அடிக்கடி கழுவ வேண்டும். காலையிலேயே கழுவிவிடுங்கள், சுடும் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

வங்கிக் கடன் எடுத்தால்தான் மானியம் என்று நினைத்து, வட்டிக்குப் பயந்து ஒதுங்கும் குடும்பங்களும் உண்டு. கடன் கட்டாயமில்லை. சொந்தப் பணத்தில் போட்டாலும், பதிவு பெற்ற நிறுவனம் மூலம் இந்தியாவில் தயாரான பேனலைப் பொருத்தினால், வேலை முடிந்து சரிபார்த்த பின் மானியம் நம் வங்கிக் கணக்குக்கே வரும். அதுவரை முழுத் தொகையும் நம் கையிலிருந்து போகும் என்பதால் அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

நம் ஊர்களில் வேலை தடைபடுவது பெரும்பாலும் பெயரில்தான். மின் இணைப்பு மவுத்தாகிவிட்ட அத்தா பெயரிலேயே இருக்கும், பாகப்பிரிவினையும் முடிந்திருக்காது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க முடியும். விடுமுறையில் ஊர் வருகிறவர்கள், சோலார் கம்பெனிக்காரரைக் கூப்பிடும் முன் மின்வாரிய அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.