கூற்றும் கதையும்

கதை ஒன்றைப் படிக்கப் புகும்பொழுது, இதனை நமக்குச் சொல்பவர் யார் என்று முதற்கண் வினவுதல் வேண்டும். நம் பண்டை அகப்பாடல்களில் புலவர் தாமே முன்னின்று பேசுவதில்லை. தலைவி, தோழி, செவிலி முதலியோருள் ஒருவர் கூற்றாகவே பாடல் அமையும். கூற்று மாறின் பொருளும் மாறும். இவ்வுண்மை சிறுவர்க்குரிய கதைகளுக்கும் பொருந்துவதாகும்.

அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவெயின் 1835-ஆம் ஆண்டில் பிறந்தவர்; மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள ஹானிபல் என்னும் ஊரில் வளர்ந்தவர். அவ்வூரையே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்னும் கற்பனைச் சிற்றூராக்கித் தம் நாவல்களில் அமைத்தார்.

1876-இல் வெளிவந்த ‘டாம் சாயர்’ கதையை ஆசிரியரே சொல்கிறார். வேலிக்கு வெள்ளையடிக்குமாறு பணிக்கப்பட்ட டாம், அதனை அரியதொரு விளையாட்டுப்போலக் காட்டுகிறான். பிற சிறுவர் தம் கைப்பொருளைக் கொடுத்து அவ்வேலையைத் தாமே செய்கின்றனர். ஆசிரியர் அருகில் நின்று புன்முறுவலுடன் அதனை நமக்குக் காட்டுகிறார். முதியவர் ஒருவர் தம் இளமையை நினைந்து உரைப்பதுபோல அவ்வூர் இனிமையாகத் தோன்றுகிறது.

1884-இல் இங்கிலாந்திலும் 1885-இல் அமெரிக்காவிலும் வெளிவந்த ‘ஹக்கிள்பெரி ஃபின்’ கதையிலோ, ஆசிரியர் மறைந்துவிடுகிறார். கல்வியறிவு குறைந்த சிறுவனாகிய ஹக், தன் கொச்சை மொழியில் தானே பேசுகிறான். அந்நாடு முழுவதும் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1865-இல். கதை நிகழ்வதோ அதற்கு முற்பட்ட காலம். விற்கப்படுவோம் என அஞ்சி ஓடிவந்த ஜிம் என்னும் அடிமையும் ஹக்கும் தெப்பத்தில் ஏறி ஆற்றின்வழிச் செல்கின்றனர். ஓடிய அடிமைக்கு உதவுதல் களவும் பாவமும் ஆகும் என்பது ஊரார் ஹக்குக்குக் கற்பித்த பாடம். அதனால் உள்ளம் உறுத்த, ஜிம் இருக்குமிடத்தை அவன் உடையவளுக்கு அறிவிக்க ஒரு மடல் எழுதுகிறான். பின்னர், ஜிம் தன்பால் காட்டிய அன்பை நினைக்கிறான். நரகமே கிடைப்பினும் கிடைக்கட்டும் என்று துணிந்து மடலைக் கிழித்தெறிகிறான்.

‘அடிமை முறை கொடிது’ என்று ஆசிரியரே கூறியிருப்பின், நாம் தலையசைத்து அப்பாற் சென்றிருப்போம். ஹக் தன்னையே பாவி என்று பழித்துக்கொள்கிறான். பிழை அவன் ஊர் கற்பித்த பாடத்தில் இருத்தலை நாமே கண்டுகொள்கிறோம். தாமே கண்ட உண்மை உள்ளத்தில் நிலைத்து நிற்கும்.

மாணவர்களே! சிற்றூர்க் கதை ஒன்றைப் படிக்கும்பொழுது, அவ்வூரை யார் கண்கொண்டு காண்கிறோம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.